வெற்றிலைத் தட்டு எங்கே போயிற்று?

ஆத்தூரில் என் அத்தை வீடு இருக்கிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன்.

தமிழ்நாட்டில் ஆத்தூர் என்ற பெயரில் பல ஊர்கள் உண்டு. சேலத்துப் பக்கம் ஒன்று. திண்டுக்கல் பக்கம் ஒன்று. நான் சொல்வது தூத்துக்குடி ஆத்தூர். தூத்துக்குடியில் திருச்செந்தூர் பஸ்சில் ஏறினால் முதலில் உப்பளங்கள் வரும். பிறகு பழையகாயல் வரும். முக்காணி வரும். அடுத்து தாமிரபரணி பாலம். பாலத்தைத் தாண்டினால் ஆத்தூர். இரண்டு பக்கமும் வாழைத் தோட்டமும் வெற்றிலைக் கொடிக்காலுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

நான் போய் உட்கார்ந்த சிறிது நேரத்தில், மாமாவைப் பார்க்க உறவினர் ஒருவர் வந்தார். அத்தை அவருக்கு டீ கொடுத்தார். ஒரு தட்டில் பிஸ்கட் வைத்தார். வந்தவர் டீயைக் குடித்தார். கல்யாணப் பத்திரிகையை நீட்டினார். "கண்டிப்பா வந்திரணும்" என்றார். புறப்பட்டுவிட்டார். எல்லாம் பத்தே நிமிஷம்!

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. இது வெற்றிலை விளையும் ஊர். மாமாவே கொடிக்கால் வைத்திருப்பவர். ஆனால் கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர் வெற்றிலை வைத்து அழைக்கவில்லை. வீட்டுக்காரரும் அவருக்கு வெற்றிலை நீட்டவில்லை.

"அத்தை! இங்கே ஒரு பித்தளை வெற்றிலைத் தட்டு இருக்குமே, அது எங்கே?" என்று கேட்டேன்.

அத்தை கையைக் காட்டினார். தட்டு டெலிவிஷன் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் மாமாவின் சர்க்கரை மாத்திரை இருந்தது. ரத்தக் கொதிப்பு மாத்திரை இருந்தது. மூக்குக் கண்ணாடி, செல்போன் சார்ஜர், கரண்ட் பில் எல்லாம் இருந்தன. வெற்றிலை மட்டும் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் வருத்தமும் வந்தது. பத்திரிகைக்காரன் புத்தி எங்கே போகும்? உடனே மனதுக்குள் ஒரு கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டேன். "நாகரிகம் வந்தது, நம் பழக்கத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது" என்று எழுதுவதாக இருந்தேன். நல்ல வேளை, அப்படி எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மார்க்கோ போலோ கண்ட காட்சி

இந்தக் கடற்கரைக்கும் வெற்றிலைக்கும் உள்ள உறவு நேற்று வந்ததில்லை.

மார்க்கோ போலோ என்ற இத்தாலிய யாத்திரிகரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அவர் 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்தார். அப்போது பெரிய துறைமுகமாக இருந்தது காயல். இன்றைக்குப் பஸ்சில் "பழையகாயல், பழையகாயல்" என்று கண்டக்டர் கூவுகிறாரே, அந்த இடம்தான். அரேபியாவில் இருந்து குதிரைகள் கப்பலில் வந்து அங்கே இறங்கின.

காயலைப் பற்றிச் சொல்லும்போது மார்க்கோ போலோ ஒரு விஷயத்தை மறக்காமல் சொல்கிறார். இந்த ஊர்க்காரர்கள் எப்போதும் வாயில் ஓர் இலையைப் போட்டு மென்றுகொண்டே இருக்கிறார்கள் என்கிறார். பெரிய மனிதர்கள் அதோடு கர்ப்பூரமும் வாசனைப் பொருள்களும் சுண்ணாம்பும் சேர்த்துக்கொள்வார்களாம். ஒருவரை அவமானப்படுத்த வேண்டுமானால், மென்ற வெற்றிலையை அவர் முகத்தில் துப்புவார்களாம். துப்பப்பட்டவர் நேரே அரசனிடம் போய், "இவனோடு சண்டை போட எனக்கு அனுமதி வேண்டும்" என்று கேட்பாராம்!

700 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. காயல் துறைமுகம் போய்விட்டது. அதற்கு முன்னால் பாண்டியர்களின் துறைமுகமாக இருந்த கொற்கையும் போய்விட்டது. கொற்கை இன்றைக்குக் கடலைவிட்டு உள்ளே தள்ளி, வயலும் வாழையும் சூழ்ந்த ஒரு சின்ன கிராமம். கடல் ஒரே நாளில் ஓடிவிடவில்லை. தாமிரபரணி ஆறு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைக் கொண்டுவந்து போட்டது. கரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. "இன்றைக்குக் கடல் போய்விட்டது" என்று எந்தக் கொற்கைக்காரரும் ஒரு நாளைக் குறித்து வைத்திருக்க முடியாது.

முத்துக்கும் அதே கதிதான். தூத்துக்குடியை முத்து நகரம் என்கிறோம். ஆனால் இங்கே சர்க்கார் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. பெயர் மட்டும் இருக்கிறது.

ஆனால் வெற்றிலை நின்றது. 2023-ஆம் ஆண்டில் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. புவிசார் குறியீடு என்றால் என்ன? ஒரு சரக்கு இந்த மண்ணில் விளைந்தால்தான் இந்தக் குணம் இருக்கும் என்று அரசாங்கம் கொடுக்கும் சான்று. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் கிடைத்ததே, அதே சான்றுதான். இனி வேறு ஊர் இலையை "ஆத்தூர் வெற்றிலை" என்று சொல்லி விற்கக்கூடாது.

ஆக, ஊருக்கு உலகப் பெயர் கிடைத்துவிட்டது. அதே நேரத்தில் வீட்டுத் தட்டில் மாத்திரை ஏறிவிட்டது!

சீமையிலும் அப்படித்தான்

அன்று சாயங்காலம் அத்தான் போனில் வந்தார். அத்தையின் மூத்த மகன். இருபது வருஷமாக இங்கிலாந்தில் இருக்கிறார். முகம் தெரியும்படி போனில் பேசுவதற்காக அத்தை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு உட்காருவார். (இதுவும் ஒரு புதுப் பழக்கம்தான். முன்பெல்லாம் நீல நிற விமானத் தபாலுக்கு யாரும் பூ வைத்துக்கொண்டதில்லை.)

நான் தட்டின் கதையைச் சொன்னேன். அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "இங்கேயும் அதே கதைதான்டா" என்றார்.

அவர் தெருவில் ஒரு வயதான ஆங்கிலேய அம்மாள் இருக்கிறாராம். அந்த அம்மாள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, விடியற்காலையில் வாசல்படியில் கண்ணாடிப் பாட்டிலில் பால் வைத்துவிட்டுப் போவார்களாம். காலிப் பாட்டிலைக் கழுவி வாசலில் வைத்தால் மறுநாள் எடுத்துக்கொள்வார்களாம். இப்போது பெரும்பாலோர் கடையில் பிளாஸ்டிக் கேனில் வாங்குகிறார்கள். பால்காரருக்கும் அம்மாளுக்கும் இருந்த "குட்மார்னிங்" போய்விட்டது.

தெருமுனையில் நிற்கும் சிவப்பு டெலிபோன் கூண்டை சினிமாவில் பார்த்திருப்பீர்கள். கையில் செல்போன் வந்த பிறகு அதற்குள் யார் போவார்கள்? ஆனால் பல கிராமங்களில் ஊர்க்காரர்கள் அதை இடிக்க விடவில்லை. சில இடங்களில் அதற்குள் அலமாரி வைத்துப் புத்தகம் அடுக்கியிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றை வைக்கலாம். சில இடங்களில் மாரடைப்பு வந்தவருக்கு உயிர் கொடுக்கும் மின் கருவியை வைத்திருக்கிறார்கள். கூண்டு அதே கூண்டு. உள்ளே இருக்கும் சாமான் வேறு.

பைக் கதையும் உண்டு. 2015 அக்டோபரில் இங்கிலாந்துப் பெரிய கடைகளில் பிளாஸ்டிக் பைக்கு 5 பென்ஸ் என்று கட்டணம் வைத்தார்கள். 5 பென்ஸ் அங்கே பெரிய காசில்லை. இருந்தாலும் மறுநாளே ஜனங்கள் வீட்டில் இருந்து பை கொண்டுபோகத் தொடங்கிவிட்டார்களாம். நம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அந்தப் பைக்கே தடை. அத்தை மட்டும் எந்தச் சட்டமும் வரும் முன்னாலேயே மஞ்சள் பை வைத்திருந்தார். இன்னும் வைத்திருக்கிறார்.

சீமைக்காரர்கள் எல்லாவற்றிலும் நமக்கு முன்னால் போகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நாணயத்தில் அவர்கள் நமக்குப் பின்னால்தான் வந்தார்கள். நமக்கு 16 அணா ஒரு ரூபாயாக இருந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று அதை மாற்றி 100 நயா பைசா ஒரு ரூபாய் என்று ஆக்கினோம். அவர்கள் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன் என்று கணக்குப் போட்டுத் தலையைச் சொறிந்துகொண்டே இருந்தார்கள். 1971 பிப்ரவரி 15 அன்றுதான் 100 பென்ஸ் ஒரு பவுன் என்று மாற்றினார்கள். நமக்கு 14 வருஷம் பின்னால்! (நாம் நகையைப் "பவுன்" கணக்கில் சொல்கிறோமே, அந்தச் சொல் அவர்கள் காசில் இருந்து வந்ததுதான். அவர்கள் நாணயம் மாறியது. நம் பெண் வீட்டார் கணக்கு மாறவில்லை.)

அத்தான் சொன்ன இன்னொரு விஷயம்தான் என் மனதில் தங்கியது. அது மதுக்கடையைப் பற்றியது. அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

டீ வந்த கதை

வெற்றிலையின் இடத்தை யார் பிடித்தார்? டீதான்!

டீ என்றால் இங்கிலீஷ்காரர் பானம் என்று நினைக்கிறோம். அவர்களுக்கே அது வந்த விருந்தாளி. சாமுவேல் பெப்பிஸ் என்ற லண்டன்காரர் தினமும் டயரி எழுதியவர். 1660 செப்டம்பர் 25 அன்று, இதுவரை குடித்திராத டீ என்ற சீனப் பானத்தை வரவழைத்துக் குடித்ததாக எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது.

நமக்கோ, இன்னும் பின்னால் வந்தது. இந்தியாவில் தேயிலைத் தோட்டங்கள் இருந்தாலும் விளைந்த தேயிலை பெரும்பாலும் கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. 1929-க்குப் பிறகு உலகமெங்கும் வியாபாரம் படுத்தது. தேயிலை தேங்கியது. "இவ்வளவு ஜனம் உள்ள நாடு, இவர்களைக் குடிக்க வைத்தால் என்ன?" என்று தோட்ட முதலாளிகள் யோசித்தார்கள். அவர்கள் கொடுத்த வரிப் பணத்தில் பிரசாரம் நடந்தது. வண்டியில் டீ போட்டுக் கொண்டுவந்து இலவசமாகக் கொடுத்தார்கள். சந்தையில், திருவிழாவில், தெருவில் எல்லாம் டீ!

இலவசமாக வந்த டீ, பிறகு காசு கொடுத்துக் குடிக்கும் டீயாயிற்று. அப்புறம் விருந்தாளிக்குக் கொடுக்கும் மரியாதையாகவும் ஆயிற்று. இன்றைக்கு ஆத்தூர் டீக்கடையில் டீ குடித்துவிட்டுச் சில்லறையைத் தேட வேண்டாம். கட்டம் கட்டமாக அச்சிட்ட அட்டை தொங்குகிறது. போனைக் காட்டினால் பணம் போய்விடுகிறது. கடைக்கார அண்ணாச்சி நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பணம் வந்ததை ஒரு பெட்டி சத்தம் போட்டுச் சொல்லிவிடுகிறது.

நான் டீக்கு விரோதி இல்லை. இந்தக் கட்டுரையை எழுதும்போதே இரண்டு டம்ளர் உள்ளே போய்விட்டது. ஆனால் டீக்கும் வெற்றிலைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. டீ ஆறிவிடும் என்று சீக்கிரம் குடித்துவிட்டு எழுந்துவிடுகிறோம். வெற்றிலையோ ஆளை உட்கார வைக்கும். இலையைத் துடைக்க வேண்டும். காம்பைக் கிள்ள வேண்டும். நரம்பை உரிக்க வேண்டும். சுண்ணாம்பு தடவ வேண்டும். பாக்குவெட்டியை ஒருவர் கையில் இருந்து ஒருவர் வாங்க வேண்டும். அதற்குள் ஊர்க்கதை பாதி முடிந்துவிடும். சண்டைக்காரர்கள்கூட, "இந்தா, வெத்தல போடும்" என்று தட்டைத் தள்ளிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள்.

கொடிக்காலில் ஒரு காலை

மறுநாள் காலையில் மாமா என்னைக் கொடிக்காலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வரப்பிலேயே, "மாப்ள, செருப்பக் கழத்திரு" என்றார். கழற்றினேன்.

உள்ளே போனால் வெயில் தெரியவில்லை. வரிசை வரிசையாக அகத்தி மரங்கள். ஒவ்வொரு அகத்தியையும் பிடித்துக்கொண்டு வெற்றிலைக் கொடி ஏறியிருக்கிறது. நடுவில் வாய்க்காலில் தண்ணீர். முதலில் அகத்தியை விதைக்க வேண்டும். அது வளர்ந்த பிறகுதான் கொடியை நடவேண்டும். கொடி ஏற ஏற நார் வைத்து அகத்தியோடு கட்ட வேண்டும். மேலே போய்விட்ட கொடியை இறக்கி மண்ணில் பதித்துத் திரும்ப ஏற்ற வேண்டும். இலையைக் கத்தி வைத்து அறுக்க முடியாது. ஒவ்வொன்றாகக் கையால் கிள்ள வேண்டும். கிள்ளியதை அளவு பார்த்து அடுக்க வேண்டும். நூறு இலை கொண்டது ஒரு கவுளி என்பது பொதுக் கணக்கு. ஊருக்கு ஊர் இது கொஞ்சம் மாறும்.

நாட்டுக்கொடி, கற்பூரி, பச்சைக்கொடி என்று ரகங்கள் உண்டு. மாமா ஒவ்வொன்றிலும் ஓர் இலையைக் கிள்ளி என் கையில் கொடுத்தார். எனக்கு எல்லாம் ஒன்று போலத்தான் இருந்தது. மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இதுக்கு ஈரம் இருந்துக்கிட்டே இருக்கணும். ஆனா தண்ணி நிக்கக் கூடாது. கைக்குழந்தை மாதிரி" என்றார்.

தண்ணீர் நின்ற காலமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்து ஜனங்கள் சாகும் வரை மறக்க மாட்டார்கள். பக்கத்தில் உள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையைவிட அது அதிகம்! தாமிரபரணி கரை புரண்டது. வாழை சாய்ந்தது. மாமாவின் கொடிக்காலில் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் கொடி அழுகிக் கிடந்தது. அகத்தி விதைப்பதில் இருந்து திரும்பத் தொடங்கினார்கள்.

"இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் மாமா இதையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"வாழைன்னா தார் வெட்டும்போதுதான் காசு. வெத்தலன்னா கிள்ளக் கிள்ளக் காசு. பிள்ளையளப் படிக்க வச்சது இந்த இலைதான்" என்றார்.

சீமையில் இருந்து பேசுகிற அத்தானும் அந்த இலையில் படித்தவர்தான்.

அத்தை சொன்னது

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். நான் அத்தையிடம், "விளையுற ஊரிலேயே வெற்றிலை மறந்துபோச்சே, எல்லாம் டீ பண்ணிய வேலை" என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தார்.

"டீயும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தத் தட்ட எடுத்தது நான்தான்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ஒங்க தாத்தாவ மறந்துட்டியா, மருமவனே?"

மறக்கவில்லை. மறந்தது போல இருந்தேன். அவ்வளவுதான்.

நான் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சமயம். தாத்தாவுக்குக் கன்னத்தின் உள்ளே ஒரு புண் வந்தது. அவர் வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் சேர்த்துப் போடுகிறவர். தூங்கும்போதுகூட ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குவார். "சுண்ணாம்பு பொத்துவிட்டது" என்று நல்லெண்ணெய் தடவிக்கொண்டே ஆறு மாதத்தை ஓட்டிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது வாய் திறக்கவில்லை. இரண்டு விரல்கூட நுழையவில்லை. புற்றுநோய் என்றார்கள். கடைசி மூன்று மாதம் குழாய் வழியாகக் கஞ்சி. சுற்றுவட்டாரத்தில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசியவர், ஒரு வார்த்தை பேச முடியாமல் போனார்.

"பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சது. அன்னைக்கே தட்டக் கழுவிக் கவுத்திட்டேன். ஒங்க மாமாவும் போடக்கூடாதுன்னுட்டேன். வெத்தல வித்துத்தான் சாப்பிடுதோம். அதுக்காக வீட்டு ஆம்பளயளக் குடுக்க முடியுமா?" என்றார் அத்தை.

நான் எழுத நினைத்த கட்டுரை அந்த நிமிஷமே செத்துவிட்டது. நாகரிகம் வந்து தட்டை எடுக்கவில்லை. தகப்பனைப் பறிகொடுத்த ஒரு பெண் எடுத்தார்.

குற்றவாளி யார்?

ஊருக்குத் திரும்பியதும் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். வாய்ப் புற்றுநோய் மிகுதியாக உள்ள நாடுகளில் இந்தியா ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயைத் தரும் என்று 1980-களிலேயே சொல்லிவிட்டது. 2004-ல் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. புகையிலை சேர்க்காமல் போட்டாலும் ஆபத்து உண்டு, பாக்கே புற்றுநோயைத் தரும் பொருள்தான் என்று தீர்ப்புச் சொன்னது. வாய் திறக்க முடியாமல் இறுகிப்போவதற்கும் பாக்குதான் முக்கிய காரணம் என்கிறார்கள் டாக்டர்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புகையிலையைக் குற்றவாளி என்கிறார்கள். பாக்கைக் குற்றவாளி என்கிறார்கள். வெற்றிலை என்ற இலையைத் தனியாக அந்தப் பட்டியலில் யாரும் சேர்க்கவில்லை. கெட்ட சகவாசத்தால் பெயர் கெட்டுப்போன பிள்ளை மாதிரி இருக்கிறது அதன் கதை. ஆத்தூர்க் கொடிக்காலில் பாக்கும் விளையவில்லை, புகையிலையும் விளையவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெற்றிலைத் தட்டைக் கைவிட்ட எத்தனையோ வீடுகளில் பையன்களின் சட்டைப் பையில் பாக்குப் பொட்டலம் இருக்கிறது. குட்காவும் பான் மசாலாவும் தமிழ்நாட்டில் 2013-ல் தடை செய்யப்பட்டன. ஆனாலும் அவ்வப்போது பிடிபட்ட செய்தி நம் பத்திரிகையிலேயே வருகிறது. அந்தப் பொட்டலத்தில் வெற்றிலை கிடையாது. பாக்கும் புகையிலையும்தான் உண்டு. அதாவது, நல்லது போய்விட்டது. கெட்டது பொட்டலமாகத் தங்கிவிட்டது!

தட்டு இருக்கட்டும்

இப்போது அத்தான் சொன்ன மதுக்கடை விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கிலாந்தில் தெருவுக்குத் தெரு மதுக்கடை உண்டு. அங்கே குடிப்பதற்கு மட்டும் போவதில்லை. அக்கம்பக்கத்தார் சந்தித்துப் பேசும் இடமும் அதுதான். அத்தான் போன புதிதில் உள்ளே நுழைந்தால் ஒரே சிகரெட் புகையாம். கண் எரியுமாம். 2007 ஜூலை 1 முதல் இங்கிலாந்தில் அந்த மாதிரி இடங்களுக்குள் புகை பிடிக்கத் தடை வந்தது. "இனி யார் வருவார்கள்?" என்று கடைக்காரர்கள் தலையில் கைவைத்தார்கள். அதற்குப் பிறகு பல கடைகள் மூடித்தான் போயின. அதற்கு விலைவாசி போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மிச்சம் இருக்கும் கடைகளில் ஜனங்கள் இன்னும் கூடிப் பேசுகிறார்கள். புகை பிடிப்பவர் வெளியே போய்ப் பிடித்துவிட்டு வருகிறார். "புகை போச்சு, பேச்சு போகலடா" என்றார் அத்தான்.

என் அபிப்பிராயமும் இதுதான். பாக்கும் புகையிலையும் வீட்டைவிட்டுப் போகட்டும். சடங்குக்காகத் தட்டில் பாக்கு வைத்தால், அது தட்டிலேயே இருக்கட்டும். வாய்க்குப் போக வேண்டாம். ஆனால் தட்டும் இலையும் இருக்கட்டும். வந்தவரைப் பத்து நிமிஷத்தில் அனுப்பாமல், உட்கார வைத்து ஓர் இலையைக் கொடுத்துப் பேசுவதில் யாருக்கும் எந்த நோயும் வந்துவிடாது. பாக்கு இல்லாமல் இரண்டு சோம்போ ஒரு துண்டு தேங்காயோ வைத்து இலையை மடித்துத் தின்றால் விருந்துக்குப் பின் வாய் மணக்கும்.

கல்யாண வீட்டாரிடமும் ஒரு வேண்டுகோள். லட்சக்கணக்கில் செலவழிக்கிறீர்கள். தாம்பூலப் பையில் கடைசி நேரத்தில் வாடிய இலையைத் திணிக்காதீர்கள். எந்த ஊர் இலை என்று கேட்டு வாங்குங்கள். கடலை மிட்டாய்க்குக் கோவில்பட்டி என்று கேட்கிறோமே, அதைப் போல இலைக்கும் கேட்டால் என்ன?

இதையெல்லாம் போனில் மாமாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"மாப்ள, நீ சொல்லுதது நல்லாத்தான் இருக்கு. ஆனா கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்னா எத்தன இலை வேணும்? தெனமும் மெல்லுத வாய் இருந்தாத்தான் கொடிக்கால் நிக்கும். அந்த வாயெல்லாம் ஒண்ணொண்ணாக் கொறையுது. கொறையணும்னு நீயே எழுதுத. அப்பம் நான் என்ன செய்ய?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. ஒரு துறை "மெல்லாதே" என்கிறது. இன்னொரு துறை "பயிரிடு" என்கிறது. இரண்டும் சரியான பேச்சுதான். நடுவில் நிற்பவர் மாமா. புவிசார் குறியீடு கொடுத்த அரசாங்கம், இலையை மெல்லுவதைத் தவிர வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வெற்றிலையில் எண்ணெய்ச் சத்து உண்டு. அதற்கு மணமும் உண்டு, குணமும் உண்டு. சளி பிடித்தால் எங்கள் வீட்டில் வெற்றிலையும் மிளகும் போட்டுக் கஷாயம் வைப்பது வழக்கம். அந்த வழியில் எல்லாம் தேடிப் பார்க்கட்டும். வேறு பயிருக்குப் போக நினைப்பவருக்குக் கைகொடுக்கட்டும். அகத்தி வைத்து, கொடி கட்டி, கிள்ளிப் பழகிய கைகளை "காலம் மாறிவிட்டது" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது நியாயமில்லை.

நான் ஆத்தூரில் இருந்து புறப்பட்ட அன்று நடந்ததைச் சொல்லவில்லையே! பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டேன். "இரு, மருமவனே" என்று அத்தை உள்ளே போனார். பித்தளைத் தட்டில் இருந்த மாத்திரை, சார்ஜர், கரண்ட் பில் எல்லாவற்றையும் எடுத்தார். சேலைத் தலைப்பால் தட்டைத் துடைத்தார். நாலு வெற்றிலையும் இரண்டு வாழைப்பழமும் வைத்து நீட்டினார்.

பாக்கு இல்லை. நானும் கேட்கவில்லை.

பஸ்சில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பாலம் தாண்டும்போது ஓர் இலையைக் காம்பு கிள்ளி வாயில் போட்டேன். காரம் சுரீர் என்று மூக்கில் ஏறியது. நாட்டுக்கொடியாகத்தான் இருக்க வேண்டும்.

முக்காணி வருவதற்குள் போன் அடித்தது. அத்தைதான்.

"மருமவனே, அந்த மாத்திரைய எங்க எடுத்து வச்சேன்னு நீ பாத்தியா? ஒங்க மாமா வீடு பூரா தேடுதாவ!"